பொதுவினையும் சிறப்புவினையும்: ஆங்கிலச் சொற்பயிற்சிக்குத் தொல்காப்பியம் தரும் ஒளி

1. ஆய்வின் நோக்கம்

அயல்மொழி ஒன்றைக் கற்பார்க்கு அதன் எழுத்து சில திங்களில் வசப்படும். தொடரமைப்பு சில ஆண்டுகளில் வசப்படும். சொல்லாட்சியோ நெடுங்காலம் பயின்ற பின்னரும் நழுவிக்கொண்டேயிருக்கும். சொல்லின் பொருளை அறியாமை இதற்குக் காரணம் அன்று. பொருளை அறிந்த பின்னும், அச்சொல் எச்சொல்லோடு கூடி வழங்கும், எதனோடு கூடாது என்பதை அறியாமையே காரணம். 'மெடிசின்' என்பது மருந்து என்றும், 'ஈட்' என்பது சாப்பிடுதல் என்றும் ஐயமறக் கற்ற மாணாக்கன் 'ஈட் மெடிசின்' என்று எழுதுகின்றான். அவன் கற்ற இரண்டு பொருளும் சரியே. இரண்டையும் சேர்த்தது மட்டும் ஆங்கிலம் அன்று. இச்சேர்க்கையையே ஈண்டுச் சொற்சேர்க்கை என்று குறிக்கின்றோம்.

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், ஏற்காட்டுக்கு ஏறும் பாதைகளுள் ஒன்று தொடங்குமிடத்தில் அமைந்தது குப்பனூர். அவ்வூரிலிருந்தும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும், மலைமேலுள்ள காப்பித் தோட்டங்களிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணாக்கருட் பலர் தம் குடியில் முதன்முதலாக உயர்கல்வி பெறுவோர். இவர்களுடைய ஆங்கில ஏடுகளை நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்புறம் ஆங்கிலச் சொல். வலப்புறம் தமிழ்ச் சொல். நூற்றுக்கணக்கான சொற்களை இவ்வாறு எழுதி மனப்பாடம் செய்தும், தேர்வில் இவர்கள் எழுதும் தொடர்கள் பிழைபடுகின்றன. அதன்பின் இவர்களைப் பற்றி ஒரு தீர்ப்பு எளிதாக வழங்கப்படுகின்றது: 'இவர்களுக்குச் சொல்வளம் இல்லை' என்பது அத்தீர்ப்பு.

இத்தீர்ப்பு தவறானது என்பதும், குறை மாணாக்கரிடத்து இல்லை, சொல்லைக் கற்பிக்கும் முறையிலேயே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. அக்குறையை நீக்கும் வழியை நம் இலக்கணமே காட்டுகின்றது. இதனை நிறுவுதற்குச் சீன மொழி பேசும் மாணாக்கரையும் ஒப்புநோக்கிற்கு எடுத்துக்கொள்கின்றோம். சீனம், தமிழோடும் ஆங்கிலத்தோடும் இனவுறவு இல்லாத மொழி. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழியார் ஆங்கிலத்தில் ஒரே வகையான பிழையைச் செய்வாராயின், அப்பிழையின் வேரைத் தனியொரு மொழியின் குறைபாட்டில் தேடுதல் பொருந்தாது அன்றோ?

2. நிகண்டு நெறியும் அதன் எல்லையும்

ஒரு பொருள் குறித்த பல சொற்களைத் தொகுத்துக் கற்பிக்கும் முறை நமக்குப் புதியது அன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் இம்முறையில் எழுந்தனவே. திவாகரத்தின் பன்னிரு தொகுதிகளுள் முதற்பத்தும் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்றாற்போலப் பொருள்வகையால் பகுக்கப்பெற்று, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பல பெயர்களைத் தருகின்றன. பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு, விருத்தத்தால் அமைந்து நெட்டுருச் செய்தற்கு எளிதாயிருந்தமையின், திண்ணைப் பள்ளிகளில் நெடுங்காலம் பாடமாக வழங்கியது.

நிகண்டுகளைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. அவை யாருக்காக எழுந்தன என்பதை எண்ணுதல் வேண்டும். செய்யுள் இயற்றுவான் ஒருவன் எதுகைக்கும் மோனைக்கும் சீருக்கும் ஏற்ற சொல்லைத் தேடுங்கால் நிகண்டு அவனுக்குக் கைகொடுக்கும். பழஞ்செய்யுளைப் படிப்பான் அருஞ்சொற்கு எளிய சொல்லைக் காண விரும்புங்கால் உதவும். இவ்விருவரும் தமிழைத் தாய்மொழியாக உடையவர். எச்சொல் எதனோடு சேரும் என்னும் உணர்வு அவர்களிடம் முன்னரே உண்டு. நிகண்டு அவ்வுணர்வின்மேல் நின்று பயன் தருவது, அவ்வுணர்வைத் தோற்றுவிப்பதன்று.

இந்நெறியை அயல்மொழி கற்பானுக்கு அப்படியே ஏற்றும்போதுதான் இடர் தோன்றுகின்றது. 'பிக்', 'லார்ஜ்', 'கிரேட்' ஆகிய மூன்றும் பெரிது என்று ஒருங்கே எழுதிக் கற்றவன், மூன்றும் எவ்விடத்தும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும் என்றே கொள்வான். 'டால்', 'ஹை' இரண்டும் உயரம் என்று கற்றவன், ஏற்காட்டுத் தோட்டத்தில் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தையும், அது நிற்கும் மலையையும் ஒரே அடைமொழியால் சுட்டுவான். ஆங்கிலமோ மரத்தையும் மனிதனையும் 'டால்' என்றும், மலையை 'ஹை' என்றும் பிரித்து வழங்கும். ஒரு சொல்லைத் தந்து அதற்கு ஒத்த சொல்லைத் தெரிந்தெடுக்கச் சொல்லும் தேர்வு வினாக்களும் இம்மயக்கத்தை வளர்க்கின்றன. அவ்வினாவில் முழு மதிப்பெண் பெற்ற மாணாக்கன் அதே சொல்லைத் தொடரில் வைக்குங்கால் இடறுவதைக் காண்கின்றோம்.

அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1963 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் அரிய உழைப்பின் பயன். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு உரிய பல தமிழ்ச் சொற்களை நிரல்பட வைத்தமையால் மொழிபெயர்ப்பாளர்க்கு அது பெருந்துணை. ஆயினும் தொடக்கநிலை மாணாக்கன் அந்நிரலில் முதற்கண் காணும் சொல்லையே எடுத்து எவ்விடத்தும் வழங்குவான். நூலின் குற்றமன்று இது. மொழிபெயர்ப்பாளர்க்குரிய கருவியை மாணாக்கன் கையில் வேறு துணையின்றிக் கொடுத்தலின் விளைவு.

3. தொல்காப்பிய நெறி

தொல்காப்பியர் ஒருபொருட் சொற்களை நோக்கும் முறை நிகண்டின் முறையினும் வேறானது. சொற்கள் பொருளால் ஒத்திருப்பதை அவர் கூறுவார். கூறிய பின் எவ்விடத்து எது வரும் என்னும் வரையறையையும் கூறுவார். நான்கு இடங்களை ஈண்டுக் காட்டுவோம்.

முதலாவது, எச்சவியலில் வரும் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்கள். மூன்றும் ஒருவரிடம் ஒன்றை வேண்டுதற்கண் வருவன. ஆயின் இழிந்தோன் உயர்ந்தோனை வேண்டுங்கால் ஈ என்பதும், ஒத்தோர் தம்முள் வேண்டுங்கால் தா என்பதும், உயர்ந்தோன் இழிந்தோனிடம் கேட்குங்கால் கொடு என்பதும் உரியன என்று வகுக்கின்றார். பொருள் ஒன்று, பேசுவோர் நிலை வேறு, அதற்கேற்பச் சொல்லும் வேறு.

இரண்டாவது, மரபியலில் வரும் இளமைப் பெயர்கள். குட்டி, கன்று, குருளை, பறழ், பார்ப்பு, மறி முதலியன யாவும் இளமையையே குறிப்பன. எனினும் எவ்வுயிர்க்கு எப்பெயர் என்பது மரபால் அறியப்படும். யானைக்கும் பசுவுக்கும் கன்று என்போம். நாய்க்குக் குட்டி என்போம். மாற்றிக் கூறுவான் பொருளில் பிழை செய்தானல்லன்; மரபில் பிழை செய்தான்.

மூன்றாவது, கிளவியாக்கத்தில் வேறுவினைப் பொதுச்சொல்லைப் பற்றிய விதி. வெவ்வேறு வினைகளுக்குரிய பல பொருள்களை ஒரு பெயரால் தொகுத்துக் கூறுங்கால், அவற்றுள் ஒன்றற்கே உரிய சிறப்புவினையால் முடித்தல் கூடாது. எல்லாவற்றிற்கும் பொதுவான வினையால் முடித்தல் வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. உரையாசிரியர் விளக்கம் தெளிவானது. அடிசில் என்பது உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன ஆகிய நான்கிற்கும் பொது. ஆதலின் அயிலுதல் என்னும் பொதுவினை அதற்கு வேண்டும். இயம் என்பது கொட்டுவன, ஊதுவன முதலியவற்றிற்குப் பொது. ஆதலின் இயம்புதல் வேண்டும். அணி என்பது கவிப்பன, கட்டுவன, செறிப்பன, பூண்பனவற்றிற்குப் பொது. ஆதலின் அணிதல் வேண்டும். படைக்கலத்திற்கும் இவ்வாறே கொள்க.

நான்காவது, உரியியலின் ஒரு கருத்து. உரிச்சொல்லின் பொருளை உணர்த்துங்கால், அதற்கு முன்னும் பின்னும் வரும் சொற்களை ஆராய்ந்து, பொருந்திய சொல்லோடு கூட்டி உணர்த்துக. அவ்வச்சொல்லின் மரபால் பொருள் புலப்படும் என்று ஆசிரியர் கூறுகின்றார். பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்தி அறிவிக்க வேண்டும் என்பதும் அவ்வியலின் கொள்கை. உறு, தவ, நனி என்னும் மூன்றும் மிகுதிப்பொருளன என்று கூறியதோடு நில்லாது, உரையாசிரியர்கள் ஒவ்வொன்றையும் தொடரில் வைத்துக் காட்டியதன் காரணமும் இதுவே.

4. மேனாட்டார் கண்ட சொற்சேர்க்கை

சொற்சேர்க்கையை ஆங்கிலக் கல்விக்கு அடிப்படையாகக் கொண்ட ஆராய்ச்சி இங்கிலாந்தில் முளைத்துக் கீழ்நாடுகளுக்கு வந்ததென்று எண்ணுவோர் உளர். உண்மை பெரிதும் இதற்கு மாறானது. ஹெரால்டு பாமர் ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து 1933-இல் அறிக்கை வெளியிட்டது டோக்கியோவில். மைக்கேல் வெஸ்ட், 1953-இல் வெளிவந்த பொதுப்பயன் சொற்பட்டியலின் ஆசிரியர், தம் கல்விப்பணியைச் செய்தது வங்காளத்து டாக்காவில். ஹார்ன்பியும் உடனாசிரியர் இருவரும் தொகுத்து 1942-இல் டோக்கியோவில் அச்சிட்ட அகராதியே 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகி, அயல்மொழி மாணாக்கர்க்குரிய அகராதிகளுக்கு முன்மாதிரி ஆயிற்று. ஆங்கிலேயன் தன் மொழியில் பிறப்பாலேயே பெற்றிருந்த அறிவை, ஆசிய மாணாக்கனின் இடர்ப்பாடு நூலாக எழுதச் செய்தது.

இக்கொள்கைக்கு மொழியியலில் இடம் தந்தவர் ஜே. ஆர். ஃபர்த். 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்த இவர், 1934-இல் ஆர்டன் இயற்றிய தமிழ் இலக்கண நூலின் பதிப்பிற்குத் தமிழ் ஒலிப்புமுறையைப் பற்றிய பிற்சேர்க்கை எழுதியவர். சொல்லின் பொருளில் ஒரு பகுதி, அது வழக்கமாக எச்சொற்களோடு கூடுகின்றது என்பதிலேயே அடங்கியுள்ளது என்னும் கருத்தை 1951-இல் விளக்கினார். அவர் வழியில் வந்த ஹாலிடே சீனாவில் சீன மொழி பயின்றவர். 1955-இல் கேம்பிரிட்ஜில் சீன மொழி ஆய்விற்காக முனைவர் பட்டம் பெற்றவர். தேநீரை 'ஸ்ட்ராங்' என்னும் ஆங்கிலம் அதனைப் 'பவர்ஃபுல்' என்னாது என்று அவர் காட்டிய சான்று மொழியியல் மாணாக்கர் யாவரும் அறிந்தது.

ஃபர்த்தின் கொள்கையைத் தொல்காப்பியர் முன்னரே முழுமையாகக் கூறிவிட்டார் என்று பெருமை பேசுதல் ஆராய்ச்சி ஆகாது. தொல்காப்பியர் உரிச்சொல்லைப் பற்றிக் கூறியதை எல்லாச் சொற்கும் விரித்தவரும், எண்ணிக்கையால் அளந்து காண வழிவகுத்தவரும் பிற்காலத்தவரே. எனினும் ஒரு கூற்றை அஞ்சாது கூறலாம். பொதுவினை, சிறப்புவினை என்னும் பாகுபாடு மேனாட்டார் நூல்களில் நம் உரையாசிரியர் கூறும் அளவிற்கு ஆசிரியர்க்குப் பயன்படும் எளிமையோடு அமைந்திலது. அப்பாகுபாட்டைக் கொண்டு நோக்கினால் நம் மாணாக்கரின் பிழைகளும் சீன மாணாக்கரின் பிழைகளும் ஒரே ஒழுங்கிற்கு உட்படுவதைக் காணலாம்.

5. தமிழ் மாணாக்கரும் சீன மாணாக்கரும்

'ஈட் மெடிசின்' என்னும் தொடரை மீண்டும் நோக்குவோம். இப்பிழையைச் சீன மாணாக்கனும் செய்கின்றான். அவன் மொழியில் மருந்தை 'உண்ணுதல்' என்பதே வழக்கு. தமிழ் மாணாக்கன் செய்தற்குக் காரணம் யாது? இக்காலத் தமிழில் சாப்பிடுதல் என்பது சோற்றுக்கும் காப்பிக்கும் மருந்துக்கும் பொதுவாய் வழங்கும் வினை. பழந்தமிழில் அயிலுதல் நின்ற இடத்தில் இன்று அது நிற்கின்றது. ஆங்கிலத்து 'ஈட்' என்பதோ மென்று தின்னும் உணவிற்கே பெரும்பாலும் உரிய சிறப்புவினை. ஆங்கிலத்தின் பொதுவினைகள் 'டேக்', 'ஹாவ்' என்பன. எனவே மாணாக்கன் செய்த பிழை, பொதுவினைக்குச் சிறப்புவினையை நேராக வைத்த பிழை. ஏட்டில் கோட்டின் இருபுறமும் எழுதிய இரு சொல்லும் பரப்பால் ஒத்தன அல்ல என்பதை அவனுக்கு எவரும் கூறவில்லை.

அணிதல் பற்றிய சொற்களில் நிலை தலைகீழாகும். ஆங்கிலத்தில் 'வேர்' என்னும் ஒரு வினை உடைக்கும், காலணிக்கும், மூக்குக்கண்ணாடிக்கும், மோதிரத்திற்கும், பூவிற்கும் பொருந்தும். சீனத்தில் இரு வினைகள் உள: உடை, காலணி போன்றவற்றிற்கு ஒன்று, தொப்பி, கண்ணாடி, மோதிரம் போன்றவற்றிற்கு மற்றொன்று. தமிழிலோ வேட்டியும் சேலையும் கட்டுகின்றோம்; சட்டை போடுகின்றோம்; பூ வைக்கின்றோம், செய்யுளில் சூடுகின்றோம்; பொட்டு இடுகின்றோம்; கண்ணாடி மாட்டுகின்றோம். சீன மாணாக்கன் இரண்டை ஒன்றாக்க வேண்டும். தமிழ் மாணாக்கன் பலவற்றை ஒன்றாக்க வேண்டும். இது பொதுவினை என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் ஒரு வகுப்பில் முடியும் பாடம் இது. அறிவியாவிடின், 'டை எ சாரி', 'புட் ஃபிளவர்' என்ற தொடர்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருக்கும்.

இசைக்கருவிகளைப் பற்றிய வழக்கு இன்னும் வியப்புத் தருவது. பறையைக் கொட்டுகின்றோம், குழலை ஊதுகின்றோம், வீணையை மீட்டுகின்றோம். சீனத்திலும் முழவிற்கு அடித்தல், குழலுக்கு ஊதுதல், நரம்புக்கருவியுள் விரலால் தெறிப்பதற்கு ஒரு வினை, வில்லால் இழுப்பதற்கு மற்றொரு வினை எனப் பிரிவு உண்டு. உரையாசிரியர் இயத்தை வகுத்த வகையோடு இது பெரிதும் ஒத்துள்ளது. ஆங்கிலம் எல்லாவற்றையும் 'பிளே' என்னும் பொதுவினையில் அடக்கும். இவ்விடத்தில் தமிழனும் சீனனும் ஒரு கரையில் நிற்க, ஆங்கிலேயன் மறுகரையில் நிற்கின்றான்.

கருத்துப்பொருளிலும் இவ்வேறுபாடு தொடர்கின்றது. 'போரோ', 'லெண்ட்' என்னும் இரண்டும் சீனத்தில் ஒரே வினையால் குறிக்கப்படுவதுண்டு. ஆதலின் சீன மாணாக்கன் இவற்றை மயங்குகின்றான். நாமோ கடன் வாங்குதல், கடன் கொடுத்தல் என்று வினையால் பிரிப்பதோடு, வாங்கிய பொருளையே திருப்பித் தருவதை இரவல் என்றும், அதற்கு ஈடானதைத் தருவதைக் கடன் என்றும் பெயராலும் பிரிக்கின்றோம். ஆங்கிலத்தின் அவ்விரு வினைகளும் இப்பெயர் வேறுபாட்டை நோக்குவதில்லை. அறிவைப் 'பெறுதல்' என்னும் நம் வழக்கு ஆங்கிலத்து 'அக்வயர்' என்பதற்கு நெருங்கியது. சீன மாணாக்கனோ தன் மொழி வழக்கைப் பின்பற்றி அறிவைக் 'கற்றல்' என்று பொருள்பட 'லேர்ன் நாலெட்ஜ்' என எழுதுகின்றான். மழையைக் கனமழை என்னும் தமிழன் 'ஹெவி ரெயின்' என்பதை எளிதிற் கற்பான். பலத்த மழை என்று எண்ணுவானாயின் 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதிவிடுவான். சீனன் 'பெருமழை' என்னும் தன் வழக்கால் 'பிக் ரெயின்' என்பான். தாய்மொழி வழக்கு ஓரிடத்தில் துணையாகும், ஓரிடத்தில் தடையாகும் என்பது இவற்றால் பெறப்படும்.

விலங்கின் இளமைப் பெயர்களில் தாய்மொழி துணையாதலைக் காணலாம். சீனத்தில் பெரும்பாலும் 'சிறிய' என்னும் அடையை விலங்கின் பெயரோடு சேர்த்தால் போதும். ஆகவே 'காஃப்', 'கப்', 'பப்பி', 'கிட்டன்' என ஆங்கிலம் பிரித்து வழங்குவது சீன மாணாக்கனுக்குப் புதுமை. மரபியலை உடைய நமக்கு அது புதுமையன்று. யானையின் இளமையையும் பசுவின் இளமையையும் ஒரு சொல்லால் குறித்தலில் தமிழும் ஆங்கிலமும் ஒத்துநிற்கின்றன. இதனைச் சுட்டிக் காட்டும் ஆசிரியர் மாணாக்கன் நினைவில் சொல்லை ஊன்றிவிடுகின்றார். சீனனுக்கு வேறொரு துணை உண்டு. பொருளை எண்ணுங்கால் எண்ணுக்கும் பெயருக்கும் இடையே அப்பொருளின் வடிவுக்கும் வகைக்கும் ஏற்ற அளவுச்சொல் ஒன்றை வைத்தே தீரவேண்டும் என்பது அம்மொழியின் விதி. ஒரு பெயர் தனக்குரிய துணைச்சொல்லைத் தானே தெரிந்துகொள்ளும் என்னும் உணர்வு, ஆகவே, அவனுக்கு இயல்பானது.

அடித்தல் என்னும் வினையை இருமொழியாரும் ஆளும் முறையையும் ஒப்புநோக்குக. மணி, வெள்ளை, தந்தி, தட்டச்சு, வெயில், காற்று ஆகியவற்றோடெல்லாம் நாம் அடித்தலைச் சேர்க்கின்றோம். சீனத்திலும் அடித்தலைக் குறிக்கும் 'தா' என்னும் வினை தொலைபேசி, தட்டச்சு, குடை, பந்து ஆகியவற்றோடு சேரும். இவ்வாறே சீனத்தில் 'கான்' என்னும் வினை பார்த்தலையும் படித்தலையும் ஒருங்கே குறிக்கும். இவ்வொலி நம் காண் என்பதை ஒத்தது கண்டு மொழியுறவு கற்பித்தல் தகாது. தற்செயல் ஒப்புமை அது. கருதத்தக்கது ஒன்றே: மிகுதியாகப் பயிலும் வினைகள் எம்மொழியிலும் தம் பொருளைத் தளர்த்துவிட்டு, சேரும் பெயரின் பொருளைத் தாங்கி நிற்கின்றன. சீன மாணாக்கர் எழுதிய ஆங்கிலத்தைப் பத்து லட்சம் சொல் அளவில் திரட்டி, பிழைகளைக் குறித்து 2003-இல் வெளியிட்ட தொகுதி ஒன்று உண்டு. அத்தகைய திரட்டு, பிழையை மாணாக்கனின் மடமை என்று ஒதுக்காமல் ஆராய்தற்குரிய செய்தியாகக் கொள்வதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

6. குப்பனூர் மாணாக்கரின் சொல்வளம்

இனி, 'சொல்வளம் இல்லை' என்னும் தீர்ப்பைச் சோதிப்போம். விளைபொருளை நிலத்திலிருந்தோ மரத்திலிருந்தோ பெறுதல் என்னும் ஒரு செயலுக்கு மலையடிவாரத்து உழவர் வீட்டு மாணாக்கர் எத்தனை வினைகளை அறிவர்? நெல்லை அறுப்பர், கரும்பையும் மஞ்சளையும் வெட்டுவர், கடலையையும் குச்சிக்கிழங்கையும் பிடுங்குவர், பூவைப் பறிப்பர், கீரையைக் கிள்ளுவர், புளியை உலுக்குவர், பருத்தியை எடுப்பர், தேங்காயைப் போடுவர், கள்ளை இறக்குவர். இவற்றுள் ஒன்றனுக்கு மற்றொன்றை மாற்றி வைத்தால், பள்ளி சென்றறியாத மூதாட்டியும் நகைப்பார். இவர்களா சொல்வளம் இல்லாதவர்?

இம்மாணாக்கர்க்கு ஆங்கில வகுப்பு தருவது என்ன? 'ஹார்வெஸ்ட்' என்பதற்கு அறுவடை என்று ஒரு சொல். 'பிளக்' என்பதற்குப் பறித்தல் என்று ஒரு சொல். ஒன்பது வினை அறிந்தவன் இரண்டோடு வெளியேறுகின்றான். ஆங்கிலமோ இவ்வகையில் வறியதன்று. கதிர்ப்பயிருக்கு 'ரீப்', கரும்பிற்குக் 'கட்', கிழங்கிற்கு 'டிக்' அல்லது 'லிஃப்ட்', பருத்திக்குப் 'பிக்', கள்ளிற்கும் ரப்பருக்கும் 'டாப்' என அம்மொழியிலும் சிறப்புவினைகள் உள. தோட்டத் தொழிலில் தேயிலைக்குப் 'பிளக்' என்பதும், காப்பிக்குப் 'பிக்' என்பதும் வழக்கு. நீலகிரித் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதிய தொடரில் உள்ள வினையை ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திற்கு ஏற்றினால் ஆங்கிலம் இடறும். தாயும் தந்தையும் காப்பிப் பழம் பறிக்கும் வீட்டிலிருந்து வரும் மாணவிக்கு இவ்வேறுபாட்டை விளங்கவைத்தல் எவ்வளவு எளிது! அவள் முன்னரே அறிந்த ஒன்றற்கு ஆங்கிலப் பெயர் மட்டுமே வேண்டும். நகரத்து மாணவர்க்கு அப்பொருளையே முதலிற் கற்பிக்க வேண்டியிருக்கும்.

மேற்கூறிய குச்சிக்கிழங்கு என்னும் சொல்லும் ஒரு பாடமே. சேலம் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு என்பதைப் பிறர் மரவள்ளி என்பர். தென்கோடியில் கப்பைக்கிழங்கு என்பர். இவை இடத்தால் வேறுபட்ட ஒருபொருட் சொற்கள். இந்திய ஆங்கிலத்தில் இக்கிழங்கு 'டேப்பியோக்கா'. பிற நாட்டு ஆங்கிலத்தில் செடியும் கிழங்கும் 'கசாவா', அதன் மாவுப்பொருளே 'டேப்பியோக்கா'. சொல் எவ்விடத்தாரின் வாயில் வருகின்றது என்பதும் பொருளை வரையறுக்கும் சார்புகளுள் ஒன்று.

சேர்வராயன் மலைமேல் வாழும் பழங்குடியினரின் பெயரும் இதற்குச் சான்று. மலையாளி என்று அவர்கள் பெயர் பெறுவர். மலையை ஆள்பவர், மலைவாழ்நர் என்பது அதன் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. அகராதியை மட்டும் அறிந்தவர் அச்சொல்லைக் கேரளத்தாரோடு பொருத்திவிடுவர். அவ்வினத்து மாணாக்கர் கீழ்நாட்டுக் கல்லூரியில் முதல்நாள் தம் இனப்பெயரைக் கூறி, 'நீ மலையாளமா பேசுவாய்?' என்னும் கேள்விக்கு விடைகூறி நிற்க நேரிடும். சார்பு அறியாது சொல்லை வழங்குதல் எத்துணை இடர் தரும் என்பதை அவர்கள் இலக்கணம் படித்து அறியவேண்டுவதில்லை.

7. தமிழுக்கு நேரும் கேடு

ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் என்னும் முறையால் கெடுவது ஆங்கிலம் மட்டுமன்று. எதிர்த்திசையிலும் அது பாய்கின்றது. 'ஹார்வெஸ்ட்' என்பது பொதுவினை; அறுவடை என்பது அறுத்தலினின்று தோன்றிய சிறப்புச்சொல். இரண்டையும் சமமென்று கொண்டமையால் மழைநீர் அறுவடை என்று எழுதுகின்றோம். நீரை அறுப்பார் யார்? மழைநீர்ச் சேகரிப்பு என்னும் தொடர் இருக்கவும் இது எழுந்தமைக்குக் காரணம் முன்கூறிய கோட்டேட்டுப் பழக்கமே. குளியல் எடுத்தேன் என்று எழுதும் மாணாக்கனும், முடிவு செய்தல் என்பதை மறந்து முடிவு எடுத்தலை மட்டும் அறிந்த மாணாக்கனும் அப்பழக்கத்தின் விளைவே.

இவை யாவும் தள்ளத்தக்கன என்று கூறோம். காலந்தோறும் புதியன புகுதல் மொழியின் இயல்பு. அதனை இலக்கண ஆசிரியரும் உடன்பட்டனர். நடவடிக்கை எடுத்தல் என்பது இன்று யாவரும் வழங்கும் மரபாகிவிட்டது. அதுபோலவே இந்திய ஆங்கிலத்தில் பூவைப் 'பிளக்' செய்தலும் நிலைபெற்ற வழக்கே. வழக்காகிவிட்ட சேர்க்கைக்கும், அறியாமையால் அன்றன்று தோன்றும் சேர்க்கைக்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை அறிந்து எழுதுவானே இருமொழிக்கும் உரியவன்.

8. தடையும் விடையும்

சொற்சேர்க்கை எல்லையற்றது, பட்டியலோ எல்லையுடையது, ஆதலின் பட்டியலே வகுப்பிற்கு ஏற்றது என்று தடை எழுப்புவர். சேர்க்கை அனைத்தையும் கற்பிக்க எவராலும் இயலாது என்பது உண்மை. ஆயின் மாணாக்கன் மிகுதியாக ஆளும் வினைகள் சிலவே. அச்சில வினைகளுக்கு இது பொதுவினையோ, சிறப்புவினையோ என்று வினவும் பழக்கத்தை ஊட்டினால், ஏனையவற்றை அவன் படிக்கும் நூல்களிலிருந்து தானே தேர்ந்துகொள்வான். பழக்கத்தைத் தருவதே ஆசிரியர் கடன்.

இதற்கு வேண்டுவன மூன்று. ஒன்று, ஏட்டில் தனிச்சொல்லை எழுதாது, குறைந்தது இருசொற் கூட்டமாக எழுதுதல். 'மெடிசின்' என்று எழுதாது 'டேக் மெடிசின்' என்று எழுதுதல். இரண்டு, புதுச்சொல் வருந்தோறும் மாணாக்கனின் வீட்டுத் தமிழில் அதற்கு ஒத்த சொற்களை அவனிடமே கேட்டு, அவை ஆங்கிலத்தில் ஒன்றாகின்றனவா, பலவாகின்றனவா என்று காட்டுதல். மூன்று, ஒத்த சொல்லைத் தெரிந்தெடுக்கும் வினாவோடு, அச்சொல்லுக்கு உரிய துணையைத் தெரிந்தெடுக்கும் வினாவையும் தேர்வில் சேர்த்தல். தமிழ் வினைகளின் வழக்கை எடுத்துக்காட்டுத் தொடர்களோடும் ஆங்கிலப் பொருளோடும் தரும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 1992-இல் முதற்பதிப்பு வெளிவந்தது முதல், இரண்டாவது முறைக்கு நல்ல துணை.

இங்குத் தமிழ்த்துறைக்கும் பணி உண்டு. ஆங்கில ஆசிரியர் தொல்காப்பிய உரையைக் கற்றிருத்தல் அரிது. நாம் அதனைக் கற்பிக்கின்றோம், எனினும் தேர்வுக்குரிய பழம்பாடமாக மட்டுமே கற்பிக்கின்றோம். அடிசிலையும் இயத்தையும் விளக்கும் வகுப்பிலேயே மருந்தையும் மூக்குக்கண்ணாடியையும் காட்டி விளக்கினால், மாணாக்கர்க்கு விதியின் உயிர் புலப்படும்; அடுத்த மணியில் ஆங்கில வகுப்பிற்குச் செல்லுங்கால் அது உடன்செல்லும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், ஒருபொருட் சொற்கள் என்று நாம் தொகுப்பன பொருளால் ஒத்தும் மரபால் வேறுபட்டும் நிற்பன என்பதும், அம்மரபு பெரும்பாலும் சொற்சேர்க்கையால் அறியப்படும் என்பதும், தமிழ் மாணாக்கரும் சீன மாணாக்கரும் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளுட் பல பொதுவினையையும் சிறப்புவினையையும் நேர்நிறுத்திய மயக்கத்தால் தோன்றுவன என்பதும், அம்மயக்கத்தைத் தீர்க்கும் கருவி கிளவியாக்கத்திலும் உரியியலிலும் உள்ளது என்பதும் பெறப்படும்.

குப்பனூர்ப் பக்கத்து மாணாக்கர் கல்லூரிக்குக் கொண்டுவரும் வினைச்சொற்களைத் தொழில்வாரியாகத் தொகுத்தல் நம் துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணி. புன்செய்ப் பயிர், காப்பித் தோட்டம், மலைத்தேன், கால்நடை என்று பகுத்து, எப்பொருளுக்கு எவ்வினை என்பதை அவர்தம் பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியரிடமும் கேட்டு, முதுகலை மாணாக்கரே எழுதலாம். அத்தொகுப்பில் ஒவ்வொரு வினைக்கும் நேரே அதற்குரிய ஆங்கிலச் சொற்கூட்டத்தை எழுதினால் அதுவே அவ்வட்டாரத்திற்குரிய ஆங்கிலப் பாடநூலாகும். அதனைக் கற்கும் மாணாக்கன் ஆங்கிலத்தைப் பிழையற எழுதுவான். தன் தாய் பேசும் தமிழ் சொல்வளம் மிக்கது என்பதையும் அறிந்து எழுதுவான்.